பதினொன்றாவது கேள்வி

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்,
காலர் தைக்கும் நான்காவது வரிசை.
மாதம்மாளின் முதுகில்
தீப்பெட்டி அளவு சென்சாரை ஒட்டினேன்.
குனிந்தால் சிவப்பு மினுக்கும்,
எத்தனை தரம் என்று என் லேப்டாப்புக்குச் சொல்லும்.

முதல் நாள் நானூற்றுப் பன்னிரண்டு.
மூன்றாம் வாரம் முப்பத்தொன்பது.
பலன் தெரிகிறது என்றார் கைடு.
கம்பெனிக்குக் காட்ட ஸ்லைடு தயார்,
கோடு சறுக்குமரம் போல இறங்கியிருந்தது.

மிச்சம் ஒரு படிவம். பதினொன்றாவது கேள்வி:
வலி, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?

மாதம்மாள் பேனாவை வாங்கவில்லை.
"எந்த வலிம்மா?
இடுப்புல கடுப்பு. தோள்ல குடைச்சல்.
மணிக்கட்டுல சுருக்குனு ஒண்ணு வந்து வந்து போவும்.
ராத்திரி படுத்தா கால் உளையுதே,
அதுக்கு என்ன நம்பர்?"

பக்கத்து மிஷின் ஓடத் தொடங்கியதும் சொன்னாள்:
"செவப்பு எரிஞ்சா சூப்பர்வைசர் வந்து நிக்கறான்.
அதான் முதுகை நிமித்தி வச்சுக்கிட்டு
கழுத்தை மட்டும் தொங்கப்போட்டுத் தைக்கிறேன்."

கழுத்தில் நாங்கள் எதுவும் ஒட்டவில்லை.

மெட்ரோவில் உட்கார இடம் இல்லை.
கம்பியில் சாய்ந்து படிவத்தைப் பிரித்தேன்.
பத்துக் கட்டமும் காலி.
ஓரத்தில் கடுப்பு என்று எழுதினேன்,
அதன் கீழே குடைச்சல்.
கோரகுண்டெபாளையாவில் பெட்டி குலுங்கியதில்
உளைச்சலின் ளை கோணிக்கொண்டது.

கைடு மங்களூர்க்காரர்.
நாளைக்குக் கேட்பார்,
இதற்கெல்லாம் அலகு என்ன என்று.

அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம்தான்.
கோணலாகவே இருக்கட்டும்.