எட்டுக்கு நாலடி

வெட்டுப்புள்ளி வெளிவந்த இரவு
கடை பூட்டவில்லை.
டொக்யார்ட் வீதியில் எங்கள் மெஷின் மட்டும்
விடியும்வரை இழுத்து இழுத்து மூச்சுவிட்டது.
மருத்துவம் என்றால் தங்க எழுத்து.
பொறியியலுக்கு நீலம்.
கலைப்பிரிவுக்கு என்ன நிறமென்று
இன்றுவரை ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

தர்மிலனை அன்றைக்கு மூன்று தரம் அச்சடித்தேன்.
காசு கட்டிப் படித்த கொலிஜுக்கு ஒரு தரம்,
உவர்மலை பௌதிகவியல் ரியூஷனுக்கு ஒரு தரம்,
ஐந்தாம் வகுப்போடு அவனை விட்ட பழைய பள்ளிக்கு
'எங்கள் மண்ணின் மைந்தன்' என்று ஒரு தரம்.
ஒரே படம், ஒரே கழுத்துப்பட்டி.
பழைய பள்ளிக்காரர் காதை மூடும் முடியைக்
கொஞ்சம் வெட்டச் சொன்னார்கள்.
வெட்டினேன், மௌஸால்.
அவன் தோளில் கிடந்த யாரோ ஒருவனின் கையை
முதல் தரமே அழித்துவிட்டேன்.
எட்டுக்கு நாலடியில் ஒரு கை
பெரிதாகத் தெரியும்.

காலையில் தாய்மார் வந்தார்கள்,
போட்டோகொப்பி எடுக்கிற சாட்டில்.
"எல்லாருக்கும் அடிக்கிறது நீங்கள்தானே அண்ணை,
இந்த முறை ஆர் கூட?"
ஞானச்செல்வி ரீச்சர் ஒரு கொப்பி வைத்திருக்கிறா.
அரசாங்கப் பள்ளியில் படிப்பிக்கிறவ,
தன் மகனுக்குத் தனியார் பள்ளி தேடுகிறா.
மூன்று வருடம், சிவப்புக் கோடு, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வரி.
ஹார்பர் வியூ ஏழு மெடிசின்.
கடற்கரைப் பக்கத்துப் பள்ளி நாலு,
"அதிலும் ரெண்டு மாவட்டக் கோட்டா"
என்றபோது குரல் இறங்கியது,
நோயின் பெயர் சொல்வதுபோல.
கிண்ணியாப் பாலம் கடந்து வந்த றிஸ்மியா
குடையை மடக்கியபடி கேட்டா:
"ஏழு சரி.
எத்தின பேரில?"
கொப்பியில் அந்த நிரல் இல்லை.

எனக்குத் தெரியும்.
அந்த வகுப்புக்கு அடையாள அட்டை அடித்தவன் நான்.
தொண்ணூற்றிநாலு.
ஏழு போக எண்பத்தேழு முகங்கள்
இன்னும் என் கணினியில், ஒரு கோப்புறைக்குள்
வகிடெடுத்த தலையோடு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.
சிரித்ததால் திருப்பி எடுக்கச் சொன்ன
ஒரு பிள்ளையும் அதற்குள் இருக்கிறாள்.
இன்னொன்றும் தெரியும்: ஏழில் இரண்டு பேர்
யாழ்ப்பாணத்தில் அறையெடுத்து நின்று
இரண்டாம் தரம் எழுதியவர்கள்.
ஆனால் ஹார்பர் வியூ
மாதம் முப்பதாயிரத்துக்கு வேலை தருகிற இடம்.
"எல்லாம் நல்ல பள்ளிக்கூடம்தான்" என்றேன்.
றிஸ்மியா என்னைப் பார்த்த பார்வையை
கல்லாவைத் திறந்து மூடித் தவிர்த்தேன்.

எங்கள் மதுராங்கி போன மாதம் ஓ.எல். எழுதி முடித்தாள்.
சேர்வுப் பணம் ஒன்றரை இலட்சம்.
மனைவி சங்கிலியை நிறுத்துப் பார்த்து வந்துவிட்டாள்.
"ரெண்டு வருசத்தில எங்கட பிள்ளையையும் நீங்களே அடிக்கலாம்"
என்கிறாள், காசு மிச்சம் என்பதுபோல.
மகள் ஒரு தரம்தான் கேட்டாள்,
சோற்றைப் பிசைந்தபடி,
புவியியல் எடுத்தால் என்ன என்று.
குழம்பு ஊற்றவா என்றேன் நான்.

இரவு ஒன்பதரைக்கு
தர்மிலன் தானாக வந்தான்.
பதாதையில் இருப்பதைவிட மெலிவு, காது தெரியவில்லை.
வாசலில் கட்டியிருந்த அவன் முகத்தின் நூலை
மான் ஒன்று நின்று சப்பிக்கொண்டிருந்தது.
அதை அவன் விரட்டவில்லை.
"அண்ணை, வெட்டாத படம் இருக்குதா?
கவிஷாலன்ட கையோட இருக்கிறது."

தேடினேன். இருந்தது.
கைக்குரியவன் கண்ணை மூடியிருந்தான்,
படம் எடுத்த கணத்தில் சிரிப்பு முந்திவிட்டது.
அதே கோப்புறையில்
அறுபத்திரண்டாம் இலக்கம்.

"ரெண்டு கொப்பி" என்றான்.
ஒன்று அறுபது ரூபா.
வேண்டாமென்று சொல்ல வாய் வந்தது,
அதற்குள் காசை மேசையில் வைத்துவிட்டான்.
எடுத்துக்கொண்டேன்.
அச்சு காயட்டும் என்று இருவரும் நின்றோம்.

போன் அடித்தது, வீட்டிலிருந்து.
படிவத்துக்கு
வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம்.