காலணி அடுக்கு

யீஷூன் பள்ளி ஆண்டறிக்கை.
மொத்தம் முப்பத்தெட்டு என்று தட்டினேன்.
சீனர் இருபத்தொன்று, மலாய்க்காரர் பத்து,
இந்தியர் ஐந்து, மற்றவர் இரண்டு.
சக்கர நாற்காலி ஏழு.

ஃபிர்தௌஸ், வயது பதினான்கு.
எண்ணறிவுக் கட்டத்தில்
மூன்றாம் ஆண்டாக அதே சொல்:
எட்டவில்லை.

வாசலில் குந்தியிருந்தான்,
தினமும்போல
காலணிகளை ஜோடி ஜோடியாய்த் தொட்டுக்கொண்டு.
கடைசி ஜோடிக்கு அப்பால்
வெறும் பலகைமேல் உள்ளங்கையை வைத்தான்.
பள்ளிப் பேருந்து இருமுறை ஹாரன் அடித்தும்
எடுக்கவில்லை.

மேசைக்கு வந்து பட்டியலை உருட்டினேன்.
ஸின் யீ.
ஜூன் விடுமுறையில் போய்விட்டவள்.
நான்தான் இன்னும் நீக்கவில்லை.

சீனர் இருபது.
மொத்தம் முப்பத்தேழு.
சக்கர நாற்காலி, ஆமாம், ஆறு.

மணி ஏழாகப்போகிறது.
எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது.
அவனுடையதை மட்டும் அழித்துவிட்டு
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.