காந்தம் விழுந்த உயரம்

பதினாறு லட்சத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி
மடியில் வைத்துக்கொண்டு
கல்முனை பஸ்ஸில் போனேன்.

காணி வாங்கு என்றார்கள் ஆய்வுகூடத்தில்.
இரத்தக் குழாய்களைக் குலுக்கியபடி
தங்கம் என்றாள் சியாமளை.
நாற்பத்தொரு வயதில்
இரண்டு கதவுக் கார் எதற்கு,
பின்சீற்றில் ஒரு பூனைகூட இருக்க முடியாதே என்றாள்.
பூனை என்னிடம் இல்லை என்றேன்.

சாய்ந்தமருதில், மெயின் ரோட்டுக்கு மேற்கே,
ஓலைக் கொட்டிலுக்குள் நின்றது அது.
கார்மன் கியா. அறுபத்தேழு.
சிங்களத்து ஸ்ரீ எழுத்துடன் பழைய நம்பர் தகடு.
ஸ்போர்ட்ஸ் கார் என்று பேர்;
பின்னால் இருப்பது ஆமைக்காரின் எஞ்சின்தான்.
ஓடுவதைவிட
ஓடப்போவதாக நிற்பதில் கெட்டி.

"மாப்பிள்ளைக்கா?" என்றார் ஜெஸீல்.
"எனக்கு."
"ஓ" என்று சொல்லி
சாவியை மற்றக் கைக்கு மாற்றினார்.

மெக்கானிக் மெல்வின் பல்தசார்
போனில் சொல்லியிருந்தான்:
பெயின்ற்றைப் பார்த்து மயங்காதே.
ஃபிரிட்ஜில் ஒட்டுற காந்தத்தைத்
துணியில் சுற்றிக் கொண்டு போ.
இரும்பென்றால் பிடிக்கும்,
பட்டியென்றால் விழும்.

"கடல் இதத் தொடல்ல" என்றார் ஜெஸீல்,
நான் கேட்பதற்கு முன்னமே.

கூரையில் பிடித்தது.
கண்ணாடிச் சட்டத்தில் பிடித்தது.
கதவுப் பிடிக்குக் கீழே ஒரு சாண் இறங்க
விழுந்தது.
சுற்றிப் போனேன். விழுந்தது.
மற்றப் பக்கம்,
அதே உயரம்,
விழுந்தது.
அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல்
நாலு பக்கமும் ஒரே கோடு.
குனிந்து குனிந்து பொறுக்கினேன்.
ஐந்தாம் தரம் அவர் பொறுக்கித் தந்தார்.

பிறகு வீட்டுச் சுவரடிக்குப் போய்
தொடை உயரத்தில் கையை வைத்தார்.
"இஞ்ச மட்டும்.
கரையில அடிச்சிக்கிட்டு வந்த தண்ணி
இஞ்ச நடந்துதான் வந்த.
வாப்பா மூணு மாசம் இருந்து பட்டி பூசினாரு."
மறைக்கவா என்றேன்.
"விக்கிறதுக்கு இல்ல.
உம்மாக்குப் பாக்க ஏலாம இரிந்த.
என்ட தங்கச்சி கரையில."

வெளியே ஒரு மீன்காரன்
ஹோர்ன் அடித்துப் போனான்.

ஒன்றரை லட்சம் குறைத்தேன்.
வெட்கமாக இருந்தது; குறைத்தேன்.
அவரும் எண்ணிப் பார்க்காமல் வாங்கவில்லை.

பாண்டிருப்பு, மருதமுனை, பெரியகல்லாறு.
தையல் மெசினை மலைமேல் ஏற்றியது போலச் சத்தம்.
மூன்றாம் கியர் இருக்கும் இடத்தை
ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடினேன்.
களுவாஞ்சிகுடியில் ஒரு பொடியன்
மோட்டார்சைக்கிளில் சமாந்தரமாக வந்து
கும்பிட்டுவிட்டுப் போனான்.
எதைக் கும்பிட்டானோ.

கிரான்குளம் தாண்டச் சிவப்பு லைட் பற்றியது.
பெல்ட் அறுந்தால் விசிறி நிற்கும்,
விசிறி நின்றால் காற்று நிற்கும்,
அப்படியே நிப்பாட்டு,
ஒரு பனை தூரமும் ஓட்டாதே:
இதுவும் பல்தசார்.
நிப்பாட்டினேன்.

மாற்றுப் பெல்ட் சீற்றுக்குக் கீழே கிடந்தது.
ஆனால் எஞ்சின் ஆறவேண்டும்.
புதுச் சாறி, கிறீஸ் கை,
ரோட்டோரம் நான்.

எதிர்வீட்டு மனுசி
ஒரு வாளி தண்ணீரோடு ஓடிவந்தாள்.
"சூடேறிட்டுதாகா? ஊத்து, ஊத்து.
வாய் எங்க இதுக்கு?"
இது தண்ணி குடிக்காத வண்டி அக்கா, என்றேன்.
முன்மூடியைத் திறக்கச் சொன்னாள்.
வெறும் பெட்டியும் ஸ்பேர் ரயரும்.
பின்மூடியைத் திறக்கச் சொன்னாள்.
குனிந்து பார்த்து, நிமிர்ந்து,
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"தண்ணியே வேணாமா இதுக்கு?
ஒருநாளும்?"

ஒருநாள், என்று சொல்ல வந்தேன்.
பதிலாக, வாளியில் கை கழுவி,
போத்தலில் கொஞ்சம் குடிக்கத் தாங்கோ என்று கேட்டேன்.

கொண்டுவந்தாள். குடித்தேன்.
நல்ல கிணறு. கொஞ்சம் உவர்.
பொனற் இன்னும் டிக் டிக் என்று
ஆறிக்கொண்டிருந்தது.
சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காந்தம்
கதவில் எங்கேயோ பட்டு
ஒட்டிக்கொண்டது.
நான் பார்க்கவில்லை,
எந்த உயரத்தில் என்று.