மீட்டர் பெட்டிக்கு மேலே

முதலில் வாங்கியது ஊட்டிக்காரி.
குலசேகரம் சந்தை முக்கில்
வேன் கதவைத் திறந்துவைத்து ஒருவன் விற்றான்.
மஞ்சள் சிம்பிடியம், எட்டுநூற்றைம்பது ரூபாய்.
பதினோரு பூ என்று நான் எண்ணினேன்.
ஹெப்சி ரூபாயை எண்ணினாள்.

பூ உதிர்ந்தபின் இரண்டு வருஷம்
இலை மட்டும் வளர்ந்தது,
மாற்றலுக்கு எழுதிப்போட்டவன்
சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல.
ராத்திரி குளிர்ந்தால்தான் அது மொட்டு விடுமாம்.
எங்கள் ராத்திரியோ
பகலின் சட்டையைக் கழற்றாமலே படுக்கும்.

அடுத்தது ஃபெலநாப்சிஸ்.
பெயர் என் நாக்கில் ஒட்டுவதற்குள்
எடவப்பாதி இறங்கிவிட்டது.
மூன்று நாள் அதன் குருத்துக்குள் தண்ணீர் நின்றது.
நான்காம் நாள்
இலை கையோடு வந்தது, பழுத்த சக்கைச் சுளை மாதிரி.
வெப்பத்தை அது குறைசொல்லவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
இன்னொன்று வாங்கிச் சுவரில் சரித்துக் கட்டினேன்,
வாய் கீழே பார்க்க, மழை வழிந்து போக.
அது இருக்கிறது.

ஹெப்சி சொன்னாள்:
பூவைப் பாத்து வாங்காதிய,
இங்க கெடந்து பொழைக்குமான்னு பாருங்க.
கல்யாணத்துக்கு முன்னால்
அவள் வீட்டிலும் இப்படித்தான்
என்னைப் பற்றி விசாரித்திருப்பார்கள்.

அப்புறம் அந்தக் காற்று.
அருமனைக்குப் போகும் வழியில்
பதினோராயிரம் வோல்ட் லைன்மேல் ஒரு அயனிக் கிளை.
சப்ளையை நிறுத்திவிட்டு ஏறினேன்.
கிளையின் இடுப்பில், யாரும் வாங்காத, யாரும் விற்காத
ஒரு நரிவால் ஆர்கிட்.
வேர் முழுக்க வெள்ளி. மழை பட்ட இடம் மட்டும் பச்சை.
கிளையை அறுத்து ரோட்டில் தள்ளினேன்.
செடி கட்டிங் பிளேயரோடு
பைக்குள் வீடு வந்தது.

மாமரத்தில் வைத்து
மிச்சம் கிடந்த செம்புக் கம்பியால் கட்டினேன்.
தொட்ட வேரெல்லாம் கறுத்துவிட்டது.
இருபத்திரண்டு வருஷ சர்வீசில்
கரண்ட் இல்லாத கம்பி கொன்றதை
அன்றுதான் பார்த்தேன்.
அவிழ்த்துப் பழைய பனியன் துணியால் கட்டியதும்
மன்னித்துவிட்டது.
அல்லது மன்னிப்பெல்லாம் அதற்குத் தெரியாது,
புது வேர் விட்டது, அவ்வளவுதான்.

இப்போது மேக்காமண்டபம் நர்சரிக்குப் போனால்
றோஸ்லெட் பூவைக் காட்டுவாள்,
நான் சட்டியைத் தூக்கி அடியைப் பார்ப்பேன்.
வேர் விரலுக்குக் கெட்டியாக இருக்கிறதா?
எந்த ஊர்ச் செடி? அங்கே ராத்திரி எப்படி?
தாய்லாந்து என்றாள் ஒருதடவை.
கொள்ளாம், அதுவும் வேர்த்து ஒழுகும் ஊர்தான்.
டென்ட்ரோபியம் நான்கு எடுத்தேன்,
கரியும் ஓட்டுத்துண்டும் போட்ட சட்டிக்கு.
தொண்டு வேண்டாம். எங்கள் மழைக்கு
ஒரே வருஷத்தில் அது சேறு.
ஒரு வாண்டா எடுத்தேன். அதற்குச் சட்டியே வேண்டாம்,
காலை வெயிலும், தொங்க ஒரு ஆணியும் போதும்.

ஆணி அடித்த இடம்தான் பிசகு,
மீட்டர் பெட்டிக்கு மேலே.
மூன்று வருஷம் பூக்காமல்
வேரை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தது
பெட்டியின் கண்ணாடிமேல்.
ஒட்டிய வேரை எடுத்தால் அது முறியும்.
ஊரில் யார் வீட்டுக் கிளையானாலும்
கேட்காமல் வெட்டுகிறவன் நான்.
முருங்கைக்காக என்னோடு சண்டைக்கு வந்தவர்களின் முகம்
ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

போன மாதம் ரீடிங் எடுக்க ஷிபு வந்தான்.
அண்ணே, நீங்களே லைன்மேன், என்றான்.
கத்தரி கேட்பான் என்று நினைத்தேன்.
அவன் கழுத்தைச் சாய்த்து
இரண்டு வேருக்கு இடையே டார்ச்சை அடித்து
நாலு இலக்கத்தைப் படித்தான்.
ஐந்தாவதை
வேர் மறைத்திருந்தது.

ஏழாயிருக்கும், என்றேன்.
எழுதிக்கொண்டான்.