பகுதிக் கடல்

பத்து ஃபெரிங்கியில்
முழுக் கடல் தெரிகிற அறை ஐந்நூற்றுப் பத்து ரிங்கிட்.
தோட்டம் தெரிகிற அறை முந்நூறு.
"பகுதிக் கடல்" என்று ஒன்று இருக்கிறது,
இருநூற்று இருபது, காலை நாசி லெமாக்கோடு சேர்த்து.

கடலைக் கூறுபோட்டு விற்கிறார்கள், லீலா,
சந்தையில் தெங்கிரி மீனைத்
தலை, நடு, வால் என்று விற்பதுபோல்.
நாம் எப்போதும் வால்தானே வாங்குவோம்.

லீவு பாரத்தில் "காரணம்" என்ற கட்டத்தில்
"கடல்" என்று எழுதிக் கொடுத்தாயாம்.
எந்தக் கடல் என்றுகூடக் கேட்காமல்
சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டாராம்.
பதினோரு வருடத்தில் இந்தத் தீவுக்கு நாம் வந்ததெல்லாம்
தைப்பூசத்துக்கும் ஸ்கேனுக்கும்தான்.

மூன்று இரவாகத் தேடுகிறோம்.
போன் ஒன்று, கட்டைவிரல் இரண்டு.
நான் மேலே தள்ளினால் நீ கீழே இழுக்கிறாய்.

முதல் ஹோட்டலின் படத்தில்
குளியல் துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள்,
கழுத்தோடு கழுத்து சேர்த்துக் கட்டிலில்.
"அதைக் கலைச்சிட்டுத்தானே குளிக்கணும்,
பாவம், வேணாம்" என்றாய்.

அடுத்ததில் கடலுக்கு இரண்டடி தள்ளி நீச்சல் குளம்.
எதற்கு என்று கேட்டேன்.
"கடல்ல ஜெல்லி மீன் இருக்கு,
குளத்துல மனுசங்க இருக்காங்க,
எது கடிக்கும்னு பார்த்துக்கலாம்."

இன்னொன்றில் "பெரியவர்களுக்கு மட்டும்."
அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே
பக்கத்து அறையில் மூத்தவன் இருமினான்.
போன் வெளிச்சத்தை இருவரும்
ஒரே நேரத்தில் கையால் மறைத்தோம்,
திருடர்கள் மாதிரி.

சாப்பாட்டுக்கு
தஞ்சோங் பூங்காவில் ஓர் இடம்.
மணலில் மேசை, மெழுகுவர்த்தி, வயலின்.
பட்டியலில் எல்லாம் இருந்தது, விலையைத் தவிர.
"ஸ்கேன் ரிசல்ட் மாதிரி
கடைசியிலதான் சொல்வாங்க போல"
என்று நீ சிரித்தாய்.
நான் சிரிக்கச் சற்று நேரம் ஆனது.

தெலுக் பஹாங் படகுத்துறை ஓரம் இன்னொன்று.
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, மிளகு நண்டு,
எடைக்கு விலை, கண்ணெதிரே தராசு.
நண்டு உடைக்கிறவர்கள் கைகோத்துக்கொள்ள முடியாதே என்றேன்.
"ரெண்டு கையும் மசாலாவா இருந்தா
போனை எடுக்க மாட்டீங்க.
அது போதும் எனக்கு."

அறை எண் 614.
திரையை விலக்கினால் கார் நிறுத்துமிடம்,
ஏழு ஏர்கோன் பெட்டிகள்,
டுரியான் கொண்டுவரக்கூடாது என்று ஒரு படம்.
கடலை மட்டும் காணோம்.
கீழே போன் செய்து கேட்டேன்.
"பால்கனியில், இடது மூலை, கொஞ்சம் சாயணும் சார்"
என்றான் பையன், மிக மரியாதையாக.

நீ செருப்பைக் கழற்றிவிட்டு
கம்பிமேல் வயிற்றை வைத்துச் சாய்ந்தாய்.
உன் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.
இரண்டு கட்டடத்துக்கு நடுவே
புடவைக் கரை அகலத்துக்கு
நீலமா சாம்பலா என்று தெரியாத ஒரு கோடு.

"கப்பல் ஒண்ணு வருது" என்றாய்.
"பாதிதான் தெரியுது."
நான் பிடித்துக்கொண்டே நின்றேன்.
"இருங்க, இருங்க,
மீதியும் வருது."

என் முறை வந்தபோது
கப்பல் போய்விட்டிருந்தது.
"நீங்க கனம், என்னால தாங்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே
பெல்ட்டில் விரல்களை மாட்டிக் காலை ஊன்றினாய்.
என்ன தெரியுது, என்ன தெரியுது என்று
முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தாய்.
நான் பதில் சொல்லவில்லை.
சொன்னால் இழுத்துவிடுவாய்.

நண்டுக் கடை
ஆறரைக்குத்தான் திறக்கும்.