இடப்பக்கத் தேய்மானம்

சால்மியா. ஆகஸ்ட்.
இரவு பத்து மணிக்கும் நாற்பத்தொன்று என்கிறது
மருந்துக்கடைப் பலகை.
தினம் நடங்கள் என்றார் டாக்டர்.
எங்கே என்று எழுதித் தரவில்லை.

ஜூன் முழுக்க மாலுக்குள் நடந்தேன்,
செருப்புக் கடையிலிருந்து அத்தர்க் கடை வரை,
திரும்பவும் செருப்புக் கடை.
மூன்றாம் வாரம் காவலாளிப் பையன்
சலாம் வைக்கத் தொடங்கினான்.
நான்காம் வாரத்துக்குள் இரண்டு கைப்பை வாங்கியிருந்தேன்.
"இதுக்கு மெஷினே மலிவு"
என்றார் தவசிமுத்து.

கடையில் வரிசையாக நின்றன
கறுப்பாக, தொட்டால் விழித்துக்கொள்பவையாக.
விற்கிற பையன் முதலில் கேட்டது என் எடையை.
சொன்னேன்.
தவசிமுத்து திரும்பிப் பார்த்தார்,
பதினெட்டு வருஷத்தில் அந்த எண்ணை
முதல்முறை கேட்கிறவராக.
"நூற்றுப்பத்து கிலோ வரை தாங்கும் மேடம்",
துக்க வீட்டுக் குரலில் சொன்னான்.

மூன்று குதிரைசக்தி என்றான்.
உச்சத்திலா, தொடர்ந்தா என்றேன்
(இரண்டு ராத்திரி படித்துவிட்டுப் போயிருந்தேன்).
தொடர்ந்து என்றால் ஒன்றரை.
மற்ற ஒன்றரைக் குதிரையும்
அட்டைப்பெட்டிமேல் மட்டும் ஓடும்போல.

மலையேற்றம் என்றொரு பொத்தான்.
அழுத்தினேன்.
முன்பக்கம் நாலு விரற்கடை எழும்பி நின்றது.
குவைத்துக்கு அது போதும்.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே எண்பத்திரண்டு சென்டிமீட்டர்.
எங்கள் தரை, ஷைனியின் கூரை.
ஆஸ்பத்திரியில் இரவுப்பணி அவளுக்கு;
காலை எட்டுக்கு வந்து மூன்று வரை தூங்குவாள்.
படியில் பார்த்துக் கேட்டேன்.
"சேச்சி ஓடுமோ, நடக்குமோ?"
நடப்பேன்.
"அப்போ கீழே ரப்பர் பாய் இட்டா மதி."
ஓடும் ஆசை எனக்கு இருந்ததா என்று
அதுவரை நான் யோசித்ததில்லை.

ஃபர்வானியாவில் ஒரு குடும்பம் கிளம்புவதாகத் தகவல்.
கலிபுல்லா வீடு.
எல்லாவற்றிலும் மஞ்சள் சீட்டு:
சோபா பதினைந்து தினார். தையல் மெஷின் எட்டு.
ஃபிரிட்ஜ் போய்விட்டது, சுவரில் அதன் நிழல் இருந்தது.
நடைமெஷின் முப்பத்தைந்து.

தவசிமுத்து சாரம் பரிசோதிக்கிற மனிதர்,
எதையும் ஆட்டிப் பார்த்துத்தான் நம்புவார்.
மண்டியிட்டார். பெல்ட்டைத் தூக்கி
இரண்டு விரல் விட்டுத் தடவினார்.
"இடப்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கே?"

"போன வருஷம் பக்கவாதம்" என்றார் கலிபுல்லா.
"வலதுகால் சும்மா வந்துச்சு.
இடதுதான் ரெண்டு பேர் வேலையும் பார்த்துச்சு."
ஜன்னல் வரை நடந்து காட்டினார்.
திரும்பினார்.
நன்றாகத்தான் நடந்தார்.
கம்பெனிக்கு அது போதவில்லை.

திரையில் மொத்தம்: 1146 கிலோமீட்டர்.
அது எந்த ஊர் வரை வரும் என்று
யாரும் கணக்குப் போடவில்லை.
இன்னும் எத்தனை மாதம் தாங்கும் பெல்ட்
என்பதுதான் எங்கள் கவலை.

பேரம் பேசக் கூடாது என்று நினைத்தேன்.
பேசினேன்.
முப்பத்திரண்டு.
அவர் மனைவி ஜுலைஹா
பாதி தீர்ந்த சிலிக்கான் எண்ணெய்க் குப்பியை
ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள்.
"வாரம் ஒரு தடவை விடணும். மறந்தா கத்தும்."

இப்போது மாலை நான்கு.
கீழே குக்கர் விசில்; ஷைனி எழுந்துவிட்டாள்.
வேகம் மூன்று. சாய்வு பூஜ்யம்.
இடதுகால் வைக்கும் இடம்
கூழாங்கல்லாய் வழவழக்கிறது.
அதை விட்டுக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நடக்கிறேன்.
போனில் ஷைனி: ஒன்னும் கேக்கலை சேச்சி.

பெல்ட் மட்டும் இடப்பக்கமே ஒதுங்குகிறது,
பழகிய வீட்டுக்குப் போகிற மாட்டைப்போல.
ஆலன் சாவியோடு பின்னால் குந்தியிருக்கிறார் தவசிமுத்து.
போல்ட்டை ஒரு கால் சுற்று.
இன்னொரு கால் சுற்று.
"நிறுத்தாதே, நட,
பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."