குவியவிடுதல்

பனி கீழேதான் விழுகிறது.
காலுமெட் ஊர்க்காரர்கள் ஆனால்
அது 'பைல் அப்' ஆகிறது என்பார்கள்.
பைல் என்றால் குவியல், அப் என்றால் மேலே.
விழுவது ஒரு திசை, சேர்வது எதிர்த்திசை என்று
அங்கே யாரும் நின்று யோசிப்பதில்லை.
யோசித்து நின்றால்
முழங்காலுக்கு வந்துவிடும்.

ஐலி சாரெலா தபால்காரி.
சுப்பீரியர் ஏரி ராத்திரி முழுக்க அனுப்பிவைத்ததில்
கால் புதைத்துக் கால் பிடுங்கி நடக்கிறாள்.
தொப்பிக்குள் வானொலி:
நெடுஞ்சாலையில் பதினேழு வண்டிகள்
ஒன்றின் முதுகில் ஒன்று.
அதற்கும் அதே சொல்தான்,
நடுவில் ஒரு சிறு கோடு போட்டுப்
பெயர்ச்சொல்லாக்கி.
முதல் வண்டிக்காரனும் பிரேக்கை மிதித்தான்,
பதினேழாமவனும் மிதித்தான்.
பின்னே யார்தான் குவித்தது என்றால்
பனிமூட்டம்
என்கிறது வானொலி.

அவள் வீட்டுப் பாத்திரத் தொட்டியிலும்
கிடக்கிறது அந்தச் சொல்:
மூன்று நாள் தட்டுகள்,
விளிம்பில் காய்ந்த முட்டை மஞ்சள்.
மின்கட்டண பாக்கிக்கும் அதுவே,
வட்டிக்கும் அதுவே,
எடுக்காத விடுப்புக்கும்.
போன வருடம் விவாகரத்து மன்றத்தில்
எதிர்த்தரப்பு வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:
விஷயங்கள் பைல் அப் ஆகிவிட்டன, கனம் நீதிபதி அவர்களே.
விஷயங்கள்!
பனிரெண்டு வருடம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தவன்
அந்த வாக்கியத்தில்
எங்குமே இல்லை.

தமிழில் இவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது.
குவிந்தது என்றால் தானாக.
குவித்தது என்றால் யாரோ.
ந் இருந்த இடத்தில் த் வந்து உட்கார்ந்தால்
வீட்டுக்குள் ஒரு கை இருக்கிறது,
கையோடு ஒரு ஆளும்.
ஆங்கிலத்திலோ
இரண்டுக்கும் ஒரே கையுறை.
எந்தக் கை உள்ளே என்று
உறை சொல்லாது.

எண்பத்து மூன்றாம் எண் வீடு.
இந்த வழித்தடம் அவளுக்குப் புதிது.
பதினோரு நாளாகப் பெட்டி வாய் மூடவில்லை.
விதைப் பட்டியல்கள்
(தை மாதக் குளிரில் தக்காளியின் அந்தச் சிவப்பு!),
ஜன்னல் வைத்த மருத்துவமனை உறைகள்,
மளிகைக் கடைத் தள்ளுபடிச் சீட்டுகள்.
எல்லாமே எட்னா டிரெம்பாத் பெயருக்கு.
இப்படி இருந்தால் படிவம் நிரப்ப வேண்டும்.
காரணம் என்று ஒரு கட்டம்,
தேவையானால் காவல்துறை என்று இன்னொன்று.
அதற்கு முன்னால் கதவைத் தட்ட வேண்டும்.

தட்டினாள்.

ஆர்வில் டிரெம்பாத்,
கையில் பாதி கடித்த பாஸ்டி,
தாடியில் அதன் பொருக்கு,
முழு உயிரோடு.
"இருக்கேன், இருக்கேன்" என்றார்.
"பெட்டி ரொம்பினது தெரியும்.
நான்தான் பைல் அப் ஆக விடறேன்."

குவியவிடுதல்.
அப்படியும் ஒன்று உண்டு,
கையைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.
தானாகவும் இல்லை
யாரோவும் இல்லை.

"அவ பேருக்கு வந்தது
பெட்டியில இருக்கிற வரைக்கும்
வந்துகிட்டே இருக்கு.
உள்ளே எடுத்துட்டா
வந்து முடிஞ்சுடும்."
பிறகு, எதையோ மறந்தவர் போல,
"பாஸ்டி சாப்பிடறியா?
டர்னிப் கொஞ்சம் தூக்கல்."

விதிப்படி
நிரம்பிய பெட்டியில் தபால் போடக் கூடாது.
ஐலி வண்டிவரை நடந்துபோய்
மூடி வைத்த வெள்ளைத் தொட்டி ஒன்றைத் தூக்கிவந்து
பெட்டிக்குக் கீழே வைத்தாள்.
இன்றைய கடிதம் ஒன்றே ஒன்று:
எட்னாவின் பல் பரிசோதனைக்கு நினைவூட்டல்.
அதைப் போட்டு மூடினாள்.

வண்டிக்குள் உட்கார்ந்து
பாஸ்டியை மடியில் வைத்துக்கொண்டு
காரணம் என்ற கட்டத்தில்
பனி
என்று எழுதினாள்.

எழுதியது காய்வதற்குள்
தொட்டி மூடியின்மேல்
அரை விரல் உயரம்.